எட்டு விநாடி எங்கே போகிறது?

கேள்வியை முதலில் சுருக்கமாக எடுத்து எழுதிவிடுகிறேன். மொத்த வியாபாரிகளுக்கான ஆர்டர் மென்பொருள் ஒன்றை நீங்கள் பராமரிக்கிறீர்கள். தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ். ஆர்டர் அட்டவணையில் இப்போது 40 லட்சம் பதிவுகள். காலையில் கிளை மேலாளர் 'நிலுவை ஆர்டர்கள்' திரையைத் திறந்தால் 8 விநாடி காத்திருக்க வேண்டியிருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அதே திரை தொட்டவுடன் வந்தது. 64 ஜிபி நினைவகமுள்ள புது சர்வர் வாங்கலாம், அடிக்கடி கேட்கும் விடைகளை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் ரெடிஸ் கேஷ் வைக்கலாம், மாங்கோடிபி என்ற வேறு தரவுத்தளத்துக்கு மாறலாம் என்று அலுவலகத்தில் மூன்று யோசனைகள். இவற்றில் எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். குவெரியின், அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியின், இயக்கத் திட்டத்தையும் (அதை எந்தெந்தப் படிகளில் இயக்கியது என்ற விவரம்) கூடவே அனுப்பியிருக்கிறீர்கள். அதற்கு நன்றி. பெரும்பாலோர் அதை அனுப்புவதில்லை, நாமும் இருட்டில் துழாவ வேண்டியிருக்கும்.

மூன்று யோசனைகளையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். ஐம்பது ஆர்டர்களைக் காட்டுவதற்கு உங்கள் தரவுத்தளம் எத்தனை பக்கங்களைப் புரட்டுகிறது என்று பாருங்கள். இதுவரை நான் சரிசெய்த மெதுவான திரைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கேள்வியிலேயே பிடிபட்டிருக்கின்றன.

நீங்கள் அனுப்பிய அளவுகளைக் கூட்டினால் எட்டு விநாடியும் ஒரே இடத்தில் போகவில்லை. ஆர்டர்களை எடுக்கும் முதன்மைக் குவெரிக்கு 2.1 விநாடி. திரையின் அடியில் 'மொத்தம் இத்தனை ஆர்டர்கள்' என்று காட்டுவதற்கான எண்ணிக்கைக் குவெரிக்கு 1.8 விநாடி. மீதி ஏறத்தாழ 4 விநாடி, ஒவ்வொன்றும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிகிற நூறு சிறு குவெரிகளுக்கு. நீங்கள் முதல் குவெரியை மட்டும்தான் சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். மூன்றையும் பார்ப்போம்.

முதன்மைக் குவெரியிலிருந்து தொடங்குகிறேன். தரவுத்தளம் வட்டிலிருந்து பதிவு பதிவாக எடுப்பதில்லை, பக்கம் பக்கமாக எடுக்கிறது. போஸ்ட்கிரெஸில் ஒரு பக்கம் 8 கிலோபைட். இன்னொரு தரவுத்தளமான மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி சேமிப்பு முறையில் 16 கிலோபைட். உங்கள் திட்டத்தில் 'பஃபர்ஸ்' என்று தொடங்கும் வரியைப் பாருங்கள்: ஷேர்டு ஹிட் (நினைவகத்திலேயே கிடைத்தவை) 2,000, ரீட் 98,000. ஆக ஒரு லட்சம் பக்கங்கள். எட்டால் பெருக்கினால் சுமார் 780 எம்பி. ஒரு மேலாளர் ஒருமுறை திரையைத் திறந்ததற்கு இவ்வளவு. ரீட் என்றால் வட்டிலிருந்துதான் வந்தது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். போஸ்ட்கிரெஸின் சொந்த நினைவகத்தில் அது இல்லை என்பது மட்டுமே அதன் பொருள். இயங்குதளத்தின் கேஷில் இருந்திருக்கலாம். உங்களுக்கு 2 விநாடியில் முடிந்ததற்கு அதுவே காரணமாக இருக்கும்.

அதற்குச் சில வரிகள் மேலே 'பேரலல் சீக்வென்ஷியல் ஸ்கேன்', அதாவது முழு அட்டவணையையும் தொடக்கம் முதல் கடைசி வரை படிப்பது, என்று இருக்கிறது. அங்கே 'வடிகட்டியில் நீக்கப்பட்டவை 13,33,100' என்ற எண்ணைப் பார்த்துவிட்டு, "அட்டவணையில் 40 லட்சம் இருக்க, 13 லட்சத்தைத்தானே படிக்கிறது, மீதியை இண்டெக்ஸ் தவிர்த்துவிட்டதா?" (இண்டெக்ஸ் என்பது, புத்தகத்தின் பின்னால் இருக்கும் சொல்லடைவு போல, எந்தப் பதிவு எந்தப் பக்கத்தில் என்று காட்டுவது) என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. பக்கத்திலேயே 'லூப்ஸ் 3' என்று இருக்கிறது. மூன்று புராசஸ்கள் அட்டவணையைப் பங்கிட்டுக்கொண்டு படித்திருக்கின்றன. அங்கே தெரியும் பதிவுகளின் எண்ணிக்கை ஒரு லூப்புக்கான சராசரி. மூன்றால் பெருக்குங்கள்: 39,99,300 பதிவுகள் படித்துத் தூக்கி எறியப்பட்டிருக்கின்றன. தேறியவை 233 வீதம் மூன்று, அதாவது ஏறக்குறைய 700. அந்த எழுநூற்றையும் நேரப்படி அடுக்கி, மேலே இருக்கும் ஐம்பதைத் திரைக்கு அனுப்புகிறது. இந்தப் பெருக்கலைத் தவறவிடுவதால் ஏற்படும் குழப்பத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஓர் அட்டவணையின் ஒவ்வொரு பதிவுக்கும் இன்னொன்றில் ஒருமுறை தேடும் நெஸ்டட் லூப் வரும் திட்டங்களில் இது இன்னும் மோசம். ஒரு வரியில் 0.03 மில்லி விநாடி என்று அப்பாவியாக நிற்கும், பக்கத்தில் லூப்ஸ் 48,000 என்று இருக்கும். பெருக்கினால் ஒன்றரை விநாடி.

40 லட்சத்தைப் படித்து ஐம்பதைக் கொடுப்பதை அட்டவணை சிறிதாக இருந்தவரை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன்பும் இதே குவெரி இதே வேலையைத்தான் செய்தது. அப்போது படிக்க வேண்டிய பக்கங்கள் குறைவு, அவ்வளவுதான். உங்கள் நிரல் கெட்டுப்போகவில்லை, தரவு வளர்ந்துவிட்டது.

இப்போது இண்டெக்ஸுக்கு வருவோம். போஸ்ட்கிரெஸில் நாம் சாதாரணமாக உருவாக்கும் இண்டெக்ஸ் பி-ட்ரீ வகை. ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்கிரைட்டும் போயிங் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் 1970 வாக்கில் உருவாக்கிய அமைப்பு இது. அதன் பலத்தைக் கையால் கணக்கிட்டே உணரலாம். முதன்மைச் சாவி, அதாவது ஒவ்வோர் ஆர்டரையும் தனித்து அடையாளம் காட்டும் புலம், 8 பைட் எண் என்று வையுங்கள். இண்டெக்ஸில் ஒரு நுழைவுக்கு ஏறக்குறைய 20 பைட். 8 கிலோபைட் பக்கத்தில் சிறிது இடம் விட்டு நிரப்பினால் சுமார் 360 நுழைவுகள் அடங்கும். 40 லட்சம் பதிவுகளுக்கு அடிமட்டத்தில் ஏறத்தாழ 11,000 பக்கங்கள். அவற்றுக்கு வழிகாட்ட மேலே சில பத்துப் பக்கங்கள். அதற்கும் மேலே ஒரே ஒரு வேர்ப் பக்கம். ஆக மூன்று அடுக்குகள். எந்த ஒரு ஆர்டரையும் எண்ணைச் சொல்லித் தேடினால் இண்டெக்ஸில் மூன்று பக்கம், அட்டவணையில் ஒரு பக்கம், மொத்தம் நான்கு. நீங்கள் இப்போது புரட்டுவது ஒரு லட்சம்.

உங்கள் குவெரி மூன்று விஷயங்களைக் கேட்கிறது: கிளை எண் இது, நிலை 'நிலுவை', ஆர்டர் நேரத்தின்படி புதியது முதலில். நீங்களோ கிளை எண்ணுக்கு எந்த இண்டெக்ஸும் வைக்கவில்லை. கிளை அட்டவணையைச் சுட்டும் ஃபாரின் கீ இருப்பதால் இண்டெக்ஸ் தானாக வந்திருக்கும் என்று நினைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபியில் அப்படி வரும். போஸ்ட்கிரெஸில் வராது, நாம்தான் உருவாக்க வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறி வருபவர்கள் இடறி விழும் முக்கியமான இடம் இது.

பல புலங்களை வைத்து இண்டெக்ஸ் போடும்போது எந்தப் புலம் முதலில் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வாக்காளர் பட்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் தொகுதி, அதற்குள் பாகம் எண், அதற்குள் வரிசை எண். தொகுதியும் பாகமும் தெரிந்தால் நேராக அந்தப் பக்கத்தைத் திறக்கலாம். வரிசை எண் 412 என்று மட்டும் தெரிந்தால் அந்த அடுக்கு எதற்கும் உதவாது, எல்லாப் பாகங்களையும் புரட்டத்தான் வேண்டும். இண்டெக்ஸும் அப்படியே. சமம் என்று ஒப்பிடும் புலங்கள் முன்னால் வரட்டும், வரம்புக்கும் அடுக்குவதற்கும் பயன்படும் புலம் பின்னால் வரட்டும். உங்களுக்கு அது கிளை எண், நிலை, ஆர்டர் நேரம் என்ற வரிசை. இந்த இண்டெக்ஸ் இருந்தால் தரவுத்தளம் அந்தக் கிளையின் நிலுவைப் பகுதிக்கு நேராகப் போய், புதியதிலிருந்து ஐம்பதை எடுத்துக்கொண்டு நின்றுவிடும். அடுக்கும் வேலையே இல்லை, ஏனென்றால் இண்டெக்ஸ் ஏற்கெனவே அந்த வரிசையில்தான் இருக்கிறது. ஐம்பது ஆர்டர்களும் அட்டவணையில் ஐம்பது வெவ்வேறு பக்கங்களில் சிதறிக் கிடந்தாலும் மொத்தம் அறுபது பக்கங்களைத் தாண்டாது.

ஆர்டர் நேரத்துக்கு மட்டும் ஓர் இண்டெக்ஸ் போட்டால் போதாதா என்று உங்கள் நண்பர் கேட்டிருக்கிறார். அதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. குவெரியை எந்த வழியில் இயக்குவது என்று முடிவு செய்யும் தரவுத்தளத்தின் பகுதியான பிளானர் இப்படி நினைக்கும்: "ஐம்பதுதான் வேண்டும். நேர இண்டெக்ஸைப் பின்னாலிருந்து நடந்து வந்தால் சீக்கிரமே ஐம்பது கிடைத்துவிடும்." பொருந்தும் பதிவுகள் காலம் முழுவதும் சீராகப் பரவியிருக்கின்றன என்பது அதன் ஊகம். சுறுசுறுப்பான கிளைக்கு அது பலிக்கும். மூடிவிட்ட கிளைக்கோ, நிலுவையே இல்லாத கிளைக்கோ, ஐம்பது கிடைக்காமல் கடைசி வரை நடந்துகொண்டே இருக்கும். ஒரு கிளைக்கு மின்னல், இன்னொன்றுக்கு முப்பது விநாடி என்று புகார் வந்தால் முதலில் இங்கே பாருங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இன்னும் ஒரு படி போவேன். 40 லட்சம் ஆர்டர்களில் நிலுவையில் இருப்பவை எல்லாக் கிளைகளையும் சேர்த்தாலும் சில ஆயிரம்தான் இருக்கும். மற்றவை எல்லாம் அனுப்பி முடிந்தவை. முடிந்துபோன ஆர்டர்களை எதற்கு இந்த இண்டெக்ஸில் சுமக்க வேண்டும்? போஸ்ட்கிரெஸில் நிபந்தனையோடு பகுதி இண்டெக்ஸ் போடலாம்: கிளை எண், ஆர்டர் நேரம் ஆகியவற்றின் மீது, நிலை 'நிலுவை' ஆக இருக்கும் பதிவுகளுக்கு மட்டும். நூறு எம்பிக்கு மேல் போகக்கூடியது ஓரிரு எம்பிக்குள் அடங்கிவிடும், எப்போதும் நினைவகத்திலேயே இருக்கும். ஒரு எச்சரிக்கை மட்டும். குவெரியில் நிலை என்பது அளவுருவாக, அதாவது இடத்தைக் காலியாக விட்டு மதிப்பு மட்டும் தனியாக, அனுப்பப்பட்டால் இந்த இண்டெக்ஸ் கைவிடக்கூடும். இப்படி ஒருமுறை தயாரித்துப் பலமுறை இயக்கும் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்டை முதல் ஐந்து முறை உண்மையான மதிப்பைப் பார்த்துத் திட்டமிடும் போஸ்ட்கிரெஸ், அதன் பிறகு மதிப்பைப் பார்க்காத பொதுத் திட்டத்துக்கு மாறலாம். மதிப்பே தெரியாதபோது பகுதி இண்டெக்ஸ் பொருந்தும் என்று அதனால் உறுதிப்படுத்த முடியாது. ஆகவே 'நிலுவை' என்ற சொல்லைக் குவெரியிலேயே நேராக எழுதிவிடுங்கள்.

இண்டெக்ஸை எப்படிப் போடுவது என்பதை நான் விரும்பாத வழியில் கற்றுக்கொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நிறுவனத்தில், மாலை ஆறு மணிக்கு, பில் போடும் நேரத்தில், பெரிய அட்டவணை ஒன்றில் சாதாரணமாக 'கிரியேட் இண்டெக்ஸ்' கொடுத்தேன். அந்தக் கட்டளை முடியும்வரை அந்த அட்டவணையில் யாரும் எதையும் எழுத முடியாது. படிக்கலாம், எழுத முடியாது. பில்லிங் கவுன்டர்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக உறைந்து நின்றன. தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. காரணம் நான்தான் என்று உணரவே பதினொரு நிமிடம் ஆனது. 'கன்கரன்ட்லி' என்ற ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் எழுத்து வேலை தடையின்றி நடந்திருக்கும். நேரம் கூடுதலாக எடுக்கும், ஆனால் யாருக்கும் தெரியாது. இதில் இரண்டைக் கவனியுங்கள். பல கட்டளைகளை 'எல்லாம் அல்லது எதுவுமில்லை' என்று ஒன்றாகக் கட்டி இயக்கும் டிரான்சாக்‌ஷனுக்குள் இதை இயக்க முடியாது, எனவே அட்டவணை மாற்றங்களைச் செய்யும் உங்கள் மைகிரேஷன் கருவி எல்லாவற்றையும் டிரான்சாக்‌ஷனில் பொதிவதாக இருந்தால் இதற்கு மட்டும் விலக்குக் கொடுக்க வேண்டும். நடுவில் தோற்றால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று அப்படியே தங்கிவிடும். அது குவெரிக்கு உதவாது, ஆனால் ஒவ்வொரு எழுத்துக்கும் சுமையாக இருக்கும். அதை நீக்கிவிட்டு மீண்டும் போடுங்கள்.

சுமை என்று சொன்னதால் இதையும் சேர்க்கிறேன். "அப்படியானால் எல்லாப் புலங்களுக்கும் இண்டெக்ஸ் போட்டுவிடலாமே" என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். ஒரு பதிவு சேரும்போது ஒவ்வொரு இண்டெக்ஸிலும் ஒரு நுழைவு எழுதப்பட வேண்டும். போஸ்ட்கிரெஸில் பதிவைத் திருத்துவது என்பது புதுப் பிரதி எழுதுவதுதான். எந்த இண்டெக்ஸிலும் இல்லாத புலம் மாறினால், அதே பக்கத்தில் இடமும் இருந்தால், இண்டெக்ஸ்களைத் தொடாமலே அது முடித்துவிடும். மாறுகிற புலம் இண்டெக்ஸில் இருந்தால் அந்தச் சலுகை போய்விடும். அடிக்கடி மாறும் புலத்துக்கு இண்டெக்ஸ் போடுமுன் இரண்டு முறை யோசியுங்கள். பயன்படாத இண்டெக்ஸ்களைப் 'பிஜி ஸ்டாட் யூசர் இண்டெக்ஸஸ்' என்ற புள்ளிவிவர அட்டவணை காட்டும். ஆனால் பயன்பாடு பூஜ்யம் என்று பார்த்தவுடன் நீக்கிவிடாதீர்கள். மாதக் கடைசி அறிக்கைக்கு மட்டும் தேவைப்படும் இண்டெக்ஸ், கணக்கு புதிதாகத் தொடங்கியதிலிருந்து மாதக் கடைசி வரும்வரை பூஜ்யமாகத்தான் நிற்கும். படிப்பதற்கென்று தனி ரெப்ளிகா (தரவுத்தளத்தின் நகல் சர்வர்) வைத்திருந்தால் அங்கே நடக்கும் பயன்பாடு முதன்மை சர்வரின் கணக்கில் வராது.

அடுத்து அந்த நான்கு விநாடி. உங்கள் திரையின் நிரலில் ஆர்டர் பட்டியலை எடுத்துவிட்டு, ஒவ்வோர் ஆர்டருக்கும் வாடிக்கையாளர் பெயரையும் பொருள்களையும் காட்டும் சுற்று ஒன்று இருக்கிறது. குவெரிகளை நமக்காகத் தானே எழுதும் ஓஆர்எம் நூலகத்தைப் பயன்படுத்துவதால் நிரலில் அது வெறும் புள்ளி வைத்துப் பெயரைக் கேட்பதாகத்தான் தெரியும். பின்னால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு குவெரி ஓடுகிறது. ஐம்பது வாடிக்கையாளர், ஐம்பது பொருள் பட்டியல், ஆக நூறு. ஒவ்வொன்றும் தரவுத்தளத்தில் ஒரு மில்லி விநாடிகூட எடுப்பதில்லை. ஆனால் உங்கள் செயலி அலுவலக சர்வரிலும், தரவுத்தளம் கிளவுடிலும் இருக்கின்றன. ஒருமுறை போய்வர 40 மில்லி விநாடி என்று நீங்களே அளந்திருக்கிறீர்கள். நூறு முறை போய்வந்தால் நான்கு விநாடி. அரிசி, பருப்பு, புளி மூன்றுக்கும் மூன்று முறை கடைக்குப் போய்வந்தால் கடைக்காரர் எவ்வளவு வேகமாகப் பொட்டலம் கட்டினாலும் பயனில்லை.

இந்தத் தவறு மெதுவான குவெரிகளின் பதிவேட்டில் ஒருபோதும் வராது, ஏனென்றால் எந்தக் குவெரியும் தனியாக மெதுவாக இல்லை. ஒவ்வொரு குவெரியும் எத்தனை முறை, எவ்வளவு நேரம் ஓடியது என்று கணக்கு வைக்கும் 'பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ்' நீட்சியை இயக்கி, சராசரி நேரத்தால் அல்லாமல் மொத்த நேரத்தாலும் அழைப்பு எண்ணிக்கையாலும் அடுக்கிப் பாருங்கள். திரை ஐம்பது முறை திறக்கப்பட்ட நாளில் ஒரு குவெரி 2,500 முறை ஓடியிருந்தால் கதை புரிந்துவிடும். தீர்வு எளிது. தேவையானதையெல்லாம் மொத்தமாக எடுக்கச் சொல்லுங்கள், அதன் பெயர்தான் நிரல் சட்டகத்துக்குச் சட்டகம் மாறும். ஜாங்கோவில் ஒற்றை உறவுக்கு 'செலக்ட் ரிலேட்டட்', பல உறவுக்கு 'பிரீஃபெட்ச் ரிலேட்டட்'; ரெயில்ஸில் 'இன்க்ளூட்ஸ்'; ஹைபர்னேட்டில் 'ஜாயின் ஃபெட்ச்'. நூறு குவெரிகள் இரண்டு மூன்றாகக் குறையும். நான்கு விநாடி 120 மில்லி விநாடி ஆகும். பொருள் அட்டவணையில் ஆர்டர் எண்ணுக்கு இண்டெக்ஸ் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஃபாரின் கீ பற்றி மேலே சொன்னது அங்கேயும் பொருந்தும்.

மூன்றாவது, எண்ணிக்கை. போஸ்ட்கிரெஸில் ஒரே பதிவின் பல பிரதிகள் ஒரே நேரத்தில் இருக்கலாம். எது யாருக்குத் தெரிய வேண்டும் என்பது கேட்பவரின் டிரான்சாக்‌ஷனைப் பொறுத்தது. அதனால் 'மொத்தம் எத்தனை' என்ற எண்ணை எங்கும் எழுதிவைத்திருக்காது, ஒவ்வொரு முறையும் எண்ணித்தான் சொல்லும். நிலுவைத் திரைக்கு மேலே சொன்ன பகுதி இண்டெக்ஸே எண்ணிக்கையையும் விரைவாக்கிவிடும், எழுநூறு நுழைவுகளை எண்ணுவது பெரிய வேலையில்லை. 'எல்லா ஆர்டர்களும்' திரையில் வரும் மொத்த எண்ணிக்கையை மட்டும் எடுத்துவிடச் சொல்லிக் கேளுங்கள். மேலாளர் யாரும் அதைப் பார்த்து முடிவெடுப்பதில்லை. 'அடுத்தது' என்ற பொத்தான் போதும்.

அந்தப் பொத்தானிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஆஃப்செட் 1,00,000 லிமிட் 50 (ஒரு லட்சத்தைத் தாண்டி அடுத்த ஐம்பது) என்று கேட்டால் தரவுத்தளம் ஒரு லட்சம் பதிவுகளை எடுத்து, எண்ணி, எறிந்துவிட்டுத்தான் அடுத்த ஐம்பதைத் தரும். முதல் பக்கம் வேகமாகவும் இரண்டாயிரமாவது பக்கம் மெதுவாகவும் இருப்பது இதனால்தான். கடைசியாகக் காட்டிய ஆர்டரின் நேரத்தையும் எண்ணையும் நினைவில் வைத்துக்கொண்டு, 'இதைவிடப் பழைய ஐம்பது' என்று கேளுங்கள். நேரம் மட்டும் போதாது. ஒரே விநாடியில் இரண்டு ஆர்டர்கள் வந்திருந்தால் ஒன்று விடுபட்டுவிடும். இரண்டையும் ஜோடியாக ஒப்பிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் அனுப்பிய நிரலில் அது கண்ணில் பட்டது. 'இன்றைய ஆர்டர்கள்' அறிக்கையில் ஆர்டர் நேரத்திலிருந்து தேதியை மட்டும் பிரித்தெடுத்து இன்றைய தேதியோடு ஒப்பிடுகிறீர்கள். புலத்தை ஒரு செயற்கூறுக்குள் போட்ட கணமே அதன் மீதுள்ள இண்டெக்ஸ் பயனற்றதாகிவிடுகிறது. இண்டெக்ஸ் நேரத்தை அறியும், 'நேரத்திலிருந்து பிரித்த தேதி' என்பதை அறியாது. இன்று நள்ளிரவு முதல் நாளை நள்ளிரவுக்கு முன்பு வரை என்று வரம்பாக எழுதுங்கள். வகைப் பொருத்தமின்மையும் இதே குடும்பம். மைஎஸ்க்யூஎல்லில் கைப்பேசி எண்ணை எழுத்தாகச் சேமித்துவிட்டு, மேற்கோள் குறியில்லாமல் பத்து இலக்க எண்ணாகத் தேடினால் இண்டெக்ஸ் ஒதுக்கப்படும். போஸ்ட்கிரெஸில் முழு எண் புலத்தோடு நியூமெரிக் (தசம எண்) வகை மதிப்பை ஒப்பிட்டால் புலமே நியூமெரிக்காக மாற்றப்பட்டு அதே கதிதான். ஜாவாவில் பிக்டெசிமல் என்ற தசம எண் வகையை அப்படியே அளவுருவாக அனுப்புபவர்கள் இதில் மாட்டுகிறார்கள்.

தமிழ்ப் பெயர்களைத் தேடும் பெட்டியும் உங்கள் மென்பொருளில் இருக்கிறது அல்லவா? யுனிகோடில் 'கொ' என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியும் கால் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே, தரவுத்தளத்துக்கு வேறு வேறு. இதைச் சமாளிக்கத் தேடும்போது புலத்தை இயல்பாக்கும் செயற்கூறுக்குள் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கேயும் இண்டெக்ஸ் போய்விடும். சேமிக்கும்போதே ஒரே வடிவத்துக்கு மாற்றிச் சேமியுங்கள், தேட வரும் சொல்லையும் அதே வடிவத்துக்கு மாற்றுங்கள். பெயரின் நடுவில் உள்ள சொல்லைத் தேட வேண்டுமானால் பி-ட்ரீ உதவாது. அதற்கு, சொல்லை மூன்று மூன்று எழுத்துத் துண்டுகளாக்கித் தேடும் 'பிஜி டிரைகிராம்' நீட்சியைப் பாருங்கள்.

சரியான இண்டெக்ஸ் இருந்தும் பிளானர் அதைத் தொடாத நாள் ஒன்று வரும். குவெரியை எத்தனையோ வழிகளில் இயக்கலாம், ஒவ்வொன்றுக்கும் செலவு மதிப்பிட்டு மலிவானதைத் தேர்ந்தெடுப்பது என்ற முறையை ஐபிஎம்மின் சிஸ்டம் ஆர் திட்டத்தில் பட்ரீசியா செலிங்கரும் உடன் பணியாற்றியவர்களும் 1979-இல் எழுதினார்கள். இன்றைய போஸ்ட்கிரெஸ் பிளானரும் அந்த வழியில் வந்ததுதான். அதன் மதிப்பீடு முழுவதும் புள்ளிவிவரத்தை நம்பியிருக்கிறது. திட்டத்தில் எதிர்பார்த்த எண்ணிக்கையும் உண்மையான எண்ணிக்கையும் அருகருகே இருக்கும். 1 என்று எதிர்பார்த்து 48,000 வந்திருந்தால், தவறு அதற்கு மேலே உள்ள எல்லா முடிவுகளிலும் பரவியிருக்கும். திட்டத்தை நான் உள்ளிருந்து வெளியே படித்து, இந்த இரண்டு எண்களும் முதலில் பிரியும் இடத்தில் நிற்பேன். பெரிய அளவில் தரவை ஏற்றிய கையோடு குவெரி தடுமாறினால் புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்கும் 'அனலைஸ்' கட்டளையை ஒருமுறை ஓட்டுங்கள். தானியங்கி முறை இயல்பிருப்பில் அட்டவணையின் பத்தில் ஒரு பங்கு மாறும்வரை காத்திருக்கும். 40 லட்சத்துக்கு அது நான்கு லட்சம் மாற்றங்கள்.

இன்னொரு காரணம் நுட்பமானது. முகவரியில் மாவட்டம் மதுரை, பின்கோடு 625001 என்று இரண்டு நிபந்தனைகளும் கொடுத்தால், இரண்டும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்று கருதி பிளானர் விகிதங்களைப் பெருக்கிவிடும். 625001 என்றாலே மதுரைதான் என்பது நமக்குத் தெரியும், அதற்குத் தெரியாது. ஆகவே வரப்போகும் பதிவுகளை மிகக் குறைவாக மதிப்பிட்டு நெஸ்டட் லூப்பைத் தேர்ந்தெடுக்கும். 2017-இல் வந்த பத்தாம் பதிப்பிலிருந்து 'கிரியேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' கட்டளையால் இந்தச் சார்பை அதற்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

இயக்கத் திட்டத்தை எடுக்கும்போது ஒரு கவனம்: திட்டத்தைக் காட்டும் 'எக்ஸ்பிளெய்ன் அனலைஸ்' கட்டளை குவெரியை உண்மையாகவே இயக்கும். திருத்தும் அல்லது நீக்கும் கட்டளையின் முன்னால் அதைப் போட்டால் பதிவுகள் உண்மையாகவே திருத்தப்படும், நீக்கப்படும். டிரான்சாக்‌ஷனைத் தொடங்கி, இயக்கி, மாற்றங்களை ரத்துசெய்யும் 'ரோல்பேக்' கொடுத்து முடியுங்கள். உங்கள் மடிக்கணினியில் 500 பதிவுகளை வைத்துக்கொண்டு சோதிக்கவும் வேண்டாம். அங்கே முழு அட்டவணையையும் படிப்பதே மலிவு, பிளானர் இண்டெக்ஸைத் தொடாது, அது சரியும்கூட. உண்மையான அளவுள்ள தரவில் சோதித்தால்தான் உண்மை தெரியும்.

இனி அந்த மூன்று யோசனைகள். மாங்கோடிபிக்கு மாறினால் அங்கேயும் பி-ட்ரீ இண்டெக்ஸ்தான், அங்கேயும் இண்டெக்ஸ் இல்லாவிட்டால் முழுத் தொகுப்பையும் படிக்கத்தான் செய்யும். ஆறு மாதம் இடம் பெயர்ந்துபோய் இதே கேள்வியோடு நிற்பீர்கள். ரெடிஸ் நல்ல கருவி. ஆனால் நிலுவைப் பட்டியல் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவது. ஏற்கெனவே அனுப்பிய ஆர்டரை மேலாளர் மீண்டும் அனுப்பும் ஆபத்தை ஒரு சிறிய இண்டெக்ஸைத் தவிர்ப்பதற்காக ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

சர்வரைப் பற்றி உங்கள் மேலாளரிடம் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். இப்போதிருக்கும் 16 ஜிபி சர்வரில் 'ஷேர்டு பஃபர்ஸ்' (போஸ்ட்கிரெஸின் சொந்த நினைவகம்) இயல்பிருப்பான 128 எம்பியிலேயே இருப்பதை உங்கள் அமைப்புக் கோப்பில் பார்த்தேன். போஸ்ட்கிரெஸ் ஆவணமே நினைவகத்தில் 25 சதவீதத்தை நல்ல தொடக்க அளவாகச் சொல்கிறது. 4 ஜிபி ஆக்குங்கள், அதற்கு ஒருமுறை மறுதொடக்கம் தேவை. வட்டு எஸ்எஸ்டி என்பதால் சிதறிய பக்கத்தைப் படிக்கும் செலவாகப் பிளானர் கருதும் 'ரேண்டம் பேஜ் காஸ்ட்' மதிப்பை 4-இலிருந்து 1.1-க்குக் குறைக்கலாம், 4 என்பது சுழலும் வட்டுகளை மனதில் வைத்த மதிப்பு. அடுக்குவதற்கு ஒதுக்கும் நினைவகமான 'ஒர்க் மெம்' மதிப்பை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றிவிடாதீர்கள். அது சர்வர் முழுவதற்குமானது அல்ல, அடுக்கும் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி. 64 எம்பி வைத்து நூறு இணைப்புகள் ஒரே நேரத்தில் ஒவ்வொரு அடுக்கலைச் செய்தால் 6.4 ஜிபி போய்விடும்.

இந்த வாரம் பகுதி இண்டெக்ஸைப் போட்டு, சுற்றில் ஓடும் நூறு குவெரிகளை மூன்றாக்கிவிட்டு, திங்கட்கிழமை காலை கிளைகள் திறக்கும் நேரத்தில் அதே திரையின் பஃபர்ஸ் வரியை மீண்டும் எடுத்து அனுப்புங்கள். ஒரு லட்சம் பக்கம் நூறுக்குக் கீழே வந்திருந்தால் புது சர்வருக்கான கொள்முதல் கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். வராவிட்டால் அந்தத் திட்டத்தை வைத்து மீண்டும் பேசுவோம்.